தாத்தா வைத்த பெயரும் கம்பெனி ஒட்டும் படமும்



காலண்டருக்கு ஆர்டர் கொடுக்கும் பருவம் வந்தால் நம் கடைத்தெருவில் ஒரு பேச்சு தவறாமல் கிளம்பும். "அந்தக் காலத்தில் விளம்பரம் என்றால் எவ்வளவு கண்ணியம்! லட்சுமி படம், முருகன் படம், குழந்தைக் கண்ணன் படம். இப்போது பாருங்கள், பல்பொடி விற்பதற்கும் ஒரு பெண்ணை அரைகுறை உடையில் நிறுத்துகிறார்கள்" என்று என் வயதுக்காரர்கள் அலுத்துக்கொள்வார்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் மரியாதைக்குத் தலையை ஆட்டிவிட்டுக் கைப்பேசியைப் பார்ப்பார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. அதோடு ஒட்டி வருவது பெயர் பற்றிய விஷயம். அது நம் கடைப் பலகை வரைக்கும் வந்து நிற்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

பழைய விளம்பரத்தில் பெண்ணைக் காட்டி விற்கும் வழக்கம் இல்லை என்பது சரியல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் மான்செஸ்டரிலிருந்து வந்த துணிச் சுருள்களில் பளபளப்பான வண்ணச் சீட்டு ஒன்று ஒட்டி வரும். அதில் தெய்வங்கள் உண்டு, ராஜாக்கள் உண்டு, யானை, புலி உண்டு. கூடவே கண்ணாடி பார்க்கும் பெண், தோழியோடு ஊஞ்சலாடும் பெண் எல்லாம் உண்டு. எழுத்து வாசிக்கத் தெரியாத வாடிக்கையாளர் படத்தைப் பார்த்துத்தான் "போன தடவை வாங்கிய அதே சரக்கு" என்று அடையாளம் கண்டார். யானை மார்க், குதிரை மார்க் என்று நாம் இன்றைக்கும் சொல்கிறோமே, அதன் வேர் இங்கேதான். ஆகவே படம் முதலில் வந்தது அடையாளத்துக்காக. ஆனால் அடையாளத்துக்கு ஒரு படம் வேண்டும் என்றான பிறகு, எந்தப் படம் கண்ணை அதிக நேரம் நிறுத்தி வைக்கும் என்ற கணக்கு வியாபாரிக்கு வராமல் இருக்குமா?

ராஜா ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, தாம் வரைந்த தெய்வப் படங்களை வண்ணத்தில் அச்சிட்டு வெளியிட்டார். லட்சுமியும் சரஸ்வதியும் ஏழை வீட்டுச் சுவரில் ஏறியது அதற்குப் பிறகுதான். அந்த லட்சுமி பார்ப்பதற்கு ஒரு வீட்டுப் பெண்ணைப் போல இருந்தாள். அழகான வீட்டுப் பெண்ணும் லட்சுமியைப் போல இருந்தாள். நம் பக்கத்தில் கோவில்பட்டி கொண்டையா ராஜுவும் (1898-1976) அவருடைய சீடர்களும் வரைந்த படங்கள் சிவகாசி அச்சகங்களிலிருந்து நாடு முழுக்கப் போயின. இவர்களுடைய தெய்வங்களின் கையையும் இடுப்பையும் வரைந்த தூரிகை சினிமா நடிகையின் கையை வரையும் தூரிகையிலிருந்து ரொம்ப தூரத்தில் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கோயில் சிற்பத்தைப் பார்த்து வளர்ந்த ஊர் நம் ஊர். பக்தியும் அழகும் ஒரே படத்தில் இருந்தால் நம் மக்கள் முகம் சுளித்ததில்லை.

இது நாகரிகமான பகுதி. நாகரிகமில்லாத பகுதியும் பழைய பத்திரிகைகளில் ஏராளம். லேகியம், தாது புஷ்டி மாத்திரை, இழந்த இளமையை மீட்கும் சூரணம் என்று பக்கத்துக்குப் பக்கம் விளம்பரங்கள். தேசபக்திக் கட்டுரைக்குக் கீழேயே ஆண்மைக்கு மருந்து விற்றார்கள். இந்தத் தொல்லை தாங்க முடியாமல்தான் 1954-ல் மத்திய அரசு ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களைத் தடுக்க ஒரு சட்டமே கொண்டு வந்தது. உடலுறவு இன்பத்தைக் கூட்டுவதாகச் சொல்லி எந்த மருந்தையும் விளம்பரம் செய்யக்கூடாது என்று அதில் தெளிவாக எழுதினார்கள். மருந்து நிறுவனம் ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போய், இது எங்கள் பேச்சுரிமை என்று வாதாடியது. இப்படிப்பட்ட விளம்பரத்தைப் பேச்சுரிமை என்று சொல்ல முடியாது என்று 1959 டிசம்பரில் தீர்ப்பானது. ஹம்தர்த் வழக்கு என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். அந்தக் கால விளம்பரம் அவ்வளவு கண்ணியமாக இருந்திருந்தால் இந்தச் சட்டத்துக்கு என்ன வேலை?

சோப்புக்கு வருவோம். லக்ஸ் சோப்புக்கு இந்திய நடிகை முதன்முதலில் வந்தது 1941-ல், லீலா சிட்னிஸ். அதற்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேல் நடிகைகள்தான். ஷாருக்கான் குளியல் தொட்டியில் உட்கார்ந்தது 2005-ல், அப்போது அதுவே பெரிய செய்தி. ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். லக்ஸ் விளம்பரம் ஆணுக்காகச் செய்யப்பட்டதல்ல. சோப்பு வாங்க நம் கடைக்கு வருபவர் வீட்டுப் பெண்மணி. அவருக்குச் சொன்ன செய்தி, அந்த நடிகையின் தோலுக்குக் கிடைப்பது உங்களுக்கும் கிடைக்கும் என்பது.

1975-ல் லிரில் வந்தது. கொடைக்கானல் பாம்பார் அருவியில் ஒரு பெண் பச்சை நீச்சலுடையில் குதித்து விளையாடினாள். அந்த அருவிக்கே லிரில் அருவி என்று பெயர் நின்றுவிட்டது. சினிமா கொட்டகையில் படம் போடுவதற்கு முன் அதைப் பார்த்த பெரியவர்கள் "கலி முற்றிவிட்டது" என்றார்கள். அந்த விளம்பரத்தைத் தயாரித்த லிண்டாஸ் நிறுவனத்துத் தலைவர் அலிக் பதம்சீ பிற்காலத்தில் ஒரு விளக்கம் சொன்னார். கூட்டுக் குடும்பத்துப் பெண்ணுக்கு நாளெல்லாம் மாமியார், கணவர், பிள்ளைகள். அவள் தனியாக, தனக்காக இருப்பது குளியலறையில் இருக்கும் அந்தப் பத்து நிமிடம்தான், அந்தப் பத்து நிமிடத்துக் கனவைத்தான் அருவியாகக் காட்டினோம் என்றார். நான் இதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் படத்தில் ஆண்பிள்ளையே கிடையாது. அவள் யாருக்காகவும் சிரிக்கவில்லை. குளிக்கிற சோப்புக்குக் குளிக்கிற பெண்ணைக் காட்டினார்கள், அவ்வளவுதான். சரக்குக்கும் படத்துக்கும் சம்பந்தம் இருந்தது.

எனக்கு உறுத்துவது சம்பந்தமே இல்லாத படம். டயருக்கும் இடுப்புக்கும் என்ன உறவு? 1995-ல் ஒரு செருப்பு விளம்பரத்தில் மதுசாப்ரே, மிலிந்த் சோமன் இருவரும் காலில் ஷூவும் கழுத்தில் மலைப்பாம்பும் தவிர ஒன்றுமில்லாமல் நின்றார்கள். வழக்கு பதினான்கு ஆண்டுகள் ஓடி 2009-ல் விடுதலையானார்கள். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் அந்த ஷூ எப்படிப்பட்ட ஷூ, எத்தனை நாள் உழைக்கும் என்று இன்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? பாம்புதான் ஞாபகம் இருக்கிறது. வியாபாரக் கணக்கிலேயே அது நஷ்டம்.

இனி பெயர் விஷயம்.

பேரன் என்ற சொல் பெயரன் என்பதிலிருந்து வந்தது என்று பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் சொல்லிக் கொடுத்திருப்பார். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பேரன். பாட்டியின் பெயரைத் தாங்குகிறவள் பேர்த்தி. தலைப்பிள்ளைக்குத் தந்தை வழித் தாத்தா பெயர் என்பது நம் குடும்பங்களில் எழுதாத சட்டம். இதில் ஒரு சங்கடமும் உண்டு. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. சொந்தப் பிள்ளையையே பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. அதனால்தான் வீட்டுக்கு வீடு ஒரு ராஜா, ஒரு தம்பி, ஒரு பெரியவன். பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஒரு பெயர், அம்மா வாயில் ஒரு பெயர்.

விருதுநகரில் 1903 ஜூலை 15 அன்று குமாரசாமி - சிவகாமி அம்மாள் தம்பதிக்கு ஒரு பிள்ளை பிறந்தது. தகப்பனார் தேங்காய் வியாபாரி, நம் இனத்தான். குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்று பிள்ளைக்குப் பெயர் வைத்தார்கள். தாயாருக்கு அவன் ராஜா. இரண்டும் சேர்ந்து காமராஜ் ஆயிற்று. ஆறு வயதில் தகப்பனாரை இழந்து, படிப்பை நிறுத்தி, மாமா கருப்பையா அவர்களின் துணிக்கடையில் நின்றவர் பிறகு முதலமைச்சராகி, 1964-ல் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவரும் ஆன கதையை இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் கடைகளில் பாதிக்கு மேல் அவர் படம் இருக்கிறது.

அதே 1964-ல் கல்கத்தாவில் இன்னொரு காரியம் நடந்தது. மக்கள்தொகைப் பெருக்கத்தைத் தடுக்க ஆணுறையை நாடெங்கும் மலிவாக விற்பது எப்படி என்று கல்கத்தா இந்திய மேலாண்மைக் கழகத்தில் ஒரு திட்டம் தீட்டினார்கள். நம்மைப் போன்றவர்களுக்குச் சுவையான பகுதி இதுதான். ஆஸ்பத்திரி மூலம் கொடுத்தால் யாரும் கேட்டு வாங்கமாட்டார்கள், டீத்தூளும் சோப்பும் சிகரெட்டும் பேட்டரியும் எந்தக் கடை வரைக்கும் போகிறதோ அந்தக் கடை வரைக்கும் இதுவும் போகவேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதாவது நம் கடை. 1968-ல் விற்பனை தொடங்கியபோது புரூக் பாண்ட், லிப்டன், இந்துஸ்தான் லீவர், டாட்டா ஆயில் மில்ஸ், யூனியன் கார்பைடு, ஐ.டி.சி. ஆகிய கம்பெனிகளின் சேல்ஸ்மேன்கள்தான் சரக்கைக் கொண்டு வந்தார்கள். மூன்று உறை பதினைந்து பைசா. வெளிநாட்டிலிருந்து அதிக விலைக்கு வாங்கி, அரசு மானியம் போட்டு விற்ற விலை அது. திருவனந்தபுரத்தில் இந்துஸ்தான் லேடெக்ஸ் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கியது 1969-ல்.

சரக்குக்கு என்ன பெயர் வைப்பது? முதலில் யோசிக்கப்பட்ட பெயர், காமராஜ். திடுக்கிட வேண்டாம். அவர்கள் மனத்தில் இருந்தது மன்மதன். காமதேவன், காமராஜா, இன்பத்துக்கு அரசன் என்று சமஸ்கிருதக் கணக்கில் யோசித்திருக்கிறார்கள். பிறகுதான், ஆளுங்கட்சித் தலைவரின் பெயரே அதுதான் என்பது உறைத்து, அந்த யோசனையைக் கைவிட்டு, நிரோத் என்று வைத்தார்கள். தடுத்தல், அடக்குதல் என்று பொருள். இதை இந்தத் திட்டத்தின் வரலாற்றை எழுதியவர்களே குறித்திருக்கிறார்கள். நான் இதை முதலில் படித்தபோது சிரிப்புதான் வந்தது. பின்னர் நெடுநேரம் யோசித்தேன்.

கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். தென் மாவட்டங்களில் அந்த ஆண்டுகளில் காமராஜ் என்று பெயர் வைக்கப்பட்ட பிள்ளைகள் எத்தனை ஆயிரம்! கல்விக்கண் திறந்தவர் பெயர் என்று பெருமையாக வைத்தார்கள். அந்தப் பெயர் பதினைந்து பைசா பொட்டலத்தில் ஏறி, ஒவ்வொரு பெட்டிக்கடையிலும் தொங்கியிருந்தால், அந்தப் பிள்ளைகள் வகுப்பறையில் வருகைப்பதிவுக்கு எழுந்து நிற்கும்போது என்ன நடந்திருக்கும்? அவர் கல்யாணமே செய்துகொள்ளாதவர் என்பதை வைத்து மேடைக்கு மேடை என்ன பேசியிருப்பார்கள்? ஒரு குடும்பம் குலதெய்வத்திடமிருந்து எடுத்து, தாய் தன் வாயால் இன்னொரு பாதியைச் சேர்த்துக் கொடுத்த பெயர் அது. அதன் பொருள் அகராதியில் இல்லை. பெயரை வைத்தவர்களிடமும் அந்தப் பெயரோடு வாழ்ந்தவரிடமும் இருக்கிறது. கல்கத்தாவில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் அகராதியைப் பார்த்தார்கள். விருதுநகரில் காமாட்சி என்று கூப்பிட்ட பாட்டியை அவர்களுக்குத் தெரியாது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. காமம் என்ற சொல்லில் அப்படி என்ன அசிங்கம்? திருக்குறளில் மூன்றில் ஒரு பகுதிக்குக் காமத்துப்பால் என்றுதான் பெயர். அறம், பொருள், இன்பம், வீடு என்ற நான்கில் அது மூன்றாவது. காஞ்சியில் காமாட்சி இருக்கிறாள். பெண்பிள்ளைகளுக்கு காமாட்சி, காமேஸ்வரி என்று பெயர் வைத்துத் தெருவில் சத்தமாகக் கூப்பிட்டவர்கள் நம் பாட்டிமார்கள். கல்யாணச் சீர்வரிசையில் காமாட்சி விளக்கு இல்லாமல் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. அந்த விளக்கில் பெரும்பாலும் இருப்பது கஜலட்சுமி உருவம். இருந்தாலும் அது காமாட்சி விளக்குதான். இவ்வளவு விரிந்த சொல்லைப் போலீஸ் செய்திக்கு மட்டும் உரியதாகச் சுருக்கியது நம் காலம். அதில் லேகிய விளம்பரக்காரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் தாழ்மையான கருத்து. ஒரு நல்ல சொல்லைப் பொட்டலத்தின் மேல் ஒட்டி ஒட்டித் தேய்த்துவிட்டார்கள்.

அதே சமயம், நிரோத் என்ற சுத்தமான சொல்லுக்கு என்ன கதி நேர்ந்தது? பத்து ஆண்டுக்குள் அதுவும் வாய்விட்டுச் சொல்ல முடியாத சொல்லாகிவிட்டது. அப்போது எங்கள் கடை சில்லறைக் கடைதான், எனக்குப் பத்து வயதுக்குள். அப்பா அந்தப் பெட்டியைக் கல்லாவுக்குக் கீழே, பாக்குப் பொட்டலங்களுக்குப் பின்னால் வைத்திருப்பார். வாங்க வருகிறவர் பெயர் சொல்லமாட்டார். கூட்டம் குறையும் வரைக்கும் நின்று, விரலால் காற்றில் ஒரு முக்கோணம் போடுவார். அப்பா காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டு, கணக்கில் "இதர" என்று எழுதுவார். குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணத்துக்கு நாடெங்கும் கிடைத்த புகழ் நிரோத் என்ற பெயருக்குக் கிடைக்காததன் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றும். படத்தைக் காட்டலாம், பெயரைச் சொல்ல முடியாது. வெட்கம் நம்மிடம் இருந்தது, பெயர் என்ன செய்யும்?

1991-ல் அதே சரக்கை ரேமண்ட் குழுமத்து நிறுவனம் வேறு வழியில் கொண்டு வந்தது. பெயர் காமசூத்ரா. விளம்பரத்துக்கு மீண்டும் லிண்டாஸ். பூஜா பேடியும் மார்க் ராபின்சனும் நடித்தார்கள். இருபத்தேழு ஆண்டுக்கு முன் மன்மதனை நினைத்து யோசித்துக் கைவிட்ட அதே "காம" என்ற எழுத்து இப்போது துணிந்து வந்துவிட்டது. கடமையாகச் சொன்னால் வாங்காதவன் இன்பம் என்று சொன்னால் வாங்குவான் என்பது அவர்கள் கணக்கு. அந்தச் சமயத்தில் எய்ட்ஸ் நோய் நாட்டில் பரவிக்கொண்டிருந்தது, 1986-ல் சென்னையில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். ஆகவே அது விற்றதில் நன்மையும் உண்டு. மளிகைக் கடைக்காரர்களில் பலர் அந்தச் சரக்கை மருந்துக் கடைக்கு விட்டுவிட்டார்கள், அட்டைப்பெட்டியில் இருந்த படம் அப்படி. வாத்ஸ்யாயனருக்குப் பேரன் யாரும் விருதுநகரில் இல்லாததால் பெயருக்காக வழக்குப் போட ஆளில்லை.

பெயரை எடுத்து விற்பதற்குச் சட்டத்தில் சில வேலிகள் உண்டு. காந்தி, நேரு போன்றோரின் பெயரையும் படத்தையும் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று 1950-லேயே ஒரு சட்டம் வந்தது. ராமாயணம் என்ற பெயரை ஊதுபத்திக்குத் தனி உரிமையாகக் கேட்ட ஒருவரிடம், புனித நூலின் பெயரை ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆபாசமான பெயருக்கும் படத்துக்கும் வர்த்தகச் சின்னப் பதிவு கிடையாது என்று 1999-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதே சட்டத்தின் 35-வது பிரிவு நமக்கு ரொம்ப உபயோகமானது. தன் சொந்தப் பெயரை நேர்மையாகத் தன் வியாபாரத்துக்கு வைத்துக்கொள்வதை வேறொருவர் பதிவு செய்த சின்னத்தைக் காட்டித் தடுக்க முடியாது. தாத்தா பெயரைக் கடைக்கு வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

தாத்தா பெயர் என்றேன். நகரத்தார் விலாசம் என்பார்கள். நாலு எழுத்து, அதில் நாலு தலைமுறை. பர்மாவிலும் மலாயாவிலும் அந்த நாலு எழுத்தைப் பார்த்துத்தான் உண்டியலுக்குப் பணம் கொடுத்தார்கள், ஆளைப் பார்த்தல்ல. நம் மளிகைத் தொழிலில் அவ்வளவு பெரிய பேச்சு இல்லாவிட்டாலும் விஷயம் ஒன்றுதான். உதாரணத்துக்கு மாடசாமி கடை என்று வைத்துக்கொள்வோம். மாடசாமி இறந்து முப்பது ஆண்டு ஆகியிருக்கும். கடையில் இருப்பவர் அவருடைய பேரன் சுரேஷ். தெருவில் யாரும் சுரேஷ் கடை என்று சொல்வதில்லை. "மாடசாமி கடையில் உளுந்து வாங்கிட்டு வா" என்றுதான் பிள்ளையை அனுப்புகிறார்கள். அந்தப் பெயருக்கு அர்த்தம், எடை குறையாது, கல் கலக்காது, மாதக் கடைசியில் கடன் கேட்டால் முகம் சுளிக்கமாட்டார்கள் என்பது. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது சரக்கையும் நிலத்தையும் சுலபமாகப் பிரித்துவிடுகிறார்கள். பெயர் யாருக்கு என்பதில்தான் பஞ்சாயத்து நாலு நாள் உட்காருகிறது. அதற்குத் தராசு கிடையாது.

இப்படிப்பட்ட பெயரை இன்று நாம் என்ன செய்கிறோம்? கம்பெனிக்காரர் வருகிறார். "அண்ணாச்சி, போர்டு இலவசம், உள்ளே விளக்கும் நாங்களே போட்டுத் தருகிறோம்" என்கிறார். பலகையில் முக்கால் பாகம் கம்பெனி. அதில் இந்த ஆண்டு யார் நடிகையோ அவர் படம், எந்த உடையோ அந்த உடை. கீழே ஓரத்தில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவுக்கு நம் தாத்தா பெயர். ஆறு மாதத்தில் படம் வெயிலில் வெளுத்துவிடும். வேறு கம்பெனிக்காரர் வேறு படத்தோடு வருவார். பெயர் மட்டும் அதே ஓரத்தில்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கணவர் பெயரில் கடை. அவர் காலமாகி மகன் நடத்துகிறார். ஒரு குளியல் சரக்கு விளம்பரத்தோடு புதுப் பலகை மாட்டினார்கள். படத்தில் இருந்த பெண்ணின் ஈரத் தோளுக்கு நேர் கீழே அப்பா பெயர். நாலைந்து நாள் கழித்து அந்த அம்மா கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது பார்த்திருக்கிறார்கள். கடைக்குள் வந்து உட்கார்ந்து, "தம்பி, அவுக பேரை அங்க இருந்து எடுத்துரு. படம் இருந்துட்டுப் போகட்டும்" என்றார்கள். மகனுக்கு முதலில் புரியவில்லை. படத்தைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து, "இதெல்லாம் இப்போ சகஜம்மா" என்று சமாதானம் சொன்னார். அந்த அம்மா படத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. பெயரை எடு என்றுதான் மறுபடியும் சொன்னார்கள். நாற்பது ஆண்டு குடித்தனத்தில் அவர்கள் கணவர் பெயரை வாயால் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை.

நான் விளம்பரத்துக்கு விரோதியல்ல. கம்பெனி விளம்பரம் இல்லாமல் நம் சரக்கு நகராது. சோப்புப் பெட்டியில் அழகான முகம் இருந்தால் இருக்கட்டும். அது கம்பெனியின் பெயரோடு, கம்பெனியின் பொறுப்பில் இருக்கட்டும். நம் பெயரோடு சேர்த்து ஒட்டும்போது பொறுப்பும் நமக்கு வருகிறது. இது வெறும் மனக்கணக்கு அல்ல. பெண்களை இழிவாகச் சித்திரிப்பதைத் தடுக்கும் 1986-ஆம் ஆண்டுச் சட்டம், அப்படிப்பட்ட விளம்பரத்தை வெளியிடுபவரை மட்டும் சொல்லவில்லை. காட்சிக்கு வைப்பதில் பங்கு கொள்பவரையும் சேர்த்தே சொல்கிறது. முதல் தடவைக்கு 2 ஆண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் என்று அதில் எழுதியிருக்கிறது. பலகை நம் கட்டடத்தில், நம் கம்பியில் தொங்கும்போது, "கம்பெனி மாட்டியது" என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று நம்பியிருக்க வேண்டாம்.

இலவசப் பலகை வேண்டாம் என்று எல்லோரும் சொல்ல முடியாது என்பதும் தெரியும். சின்னக் கடைக்கு அந்தச் செலவு பெரிது. வாங்குகிறவர்கள் மூன்று விஷயத்தை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அச்சடிக்கும் முன் படத்தை நம்மிடம் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். கடைப் பெயர் மேலே, தமிழில், பலகையில் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தமிழ் எழுத்து முதலில், பெரிதாக என்பது கடைச் சட்ட விதிப்படியும் நம் கடமைதான். படத்தை மாற்றும்போது மறுபடி கேட்க வேண்டும். விற்பனைப் பிரதிநிதி "மேலிடத்தில் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்" என்பார். இரண்டு பேர் கேட்டால் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்தான். ஒரு தெருவே கேட்டால் மேலிடம் இறங்கி வரும். சரக்கு விற்பது நம் கல்லாவில் என்பது மேலிடத்துக்கும் தெரியும்.

இதற்கு ஒரு பக்கத்தில் அடங்கும் மாதிரி ஒப்பந்தம் ஒன்றைத் தயாரித்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கலாம் என்று செயற்குழுவுக்கு எழுதியிருக்கிறேன். வக்கீல் கட்டணத்தில் என் பங்கைத் தரத் தயார். அடுத்த பொதுக்குழுவில் இது விவாதத்துக்கு வரும்போது, பலகை மாட்டி அனுபவப்பட்டவர்கள் வந்து பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.